பக்கவாட்டில் ஓரடி

ஜூன் 18, புதன்

ரெஜினா டீச்சர் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார். ஏதாவது ஒரு பொது விதியை எடுத்துக்கொண்டு, அது நம் வீதியில் எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பதினோரு பேர் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் குப்பை. நான் மாலையில் கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் கீழ் அடுக்கில் குனிந்து, கட்டட விதிகள் என்ற கனமான புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

“இது வந்து நாலு வருசமாச்சு அம்மிணி. தொட்ட மொத ஆளு நீதான்” என்றார்.

ஒரு வீட்டுக்கும் அதன் மதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், ஓர் அறைக்குச் சன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், மாடிப்படி ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்பின் தெரியாத மனிதர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து, யோசித்ததை எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் படித்தேன். அம்மா புத்தகத்தைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளிக்கூட மாடிப்படியை அளந்தேன். ஒவ்வொரு படியும் விதியைவிட ஓர் அங்குலம் உயரம். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்குவது ஏன் என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவுக்கு இன்றும் பட்டறையில் வேலை. அவர் லேத் ஓட்டுகிறார். வீட்டில் வைத்திருக்கும் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் உள்ள ஏழு வீடுகளையும் அளந்தேன். வீட்டின் பக்கச் சுவரிலிருந்து மதில் வரை ஐந்தடி இருக்க வேண்டும் என்பது விதி. யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மருதாசலம் மாமா டேப்பின் மறுமுனையைக்கூடப் பிடித்தார்.

“எதுக்கு அம்மிணி அளக்கற? வெலைக்கு வாங்கப் போறியா?” என்றார்.

“ஸ்கூல் புராஜெக்ட்டுங்க மாமா.”

“நல்லா அளந்துக்கோ. படிக்கற புள்ளை கேட்டா இல்லைன்னு சொல்லப்படாது.”

ஏழு வீட்டில் ஒன்றில்கூட ஐந்தடி இல்லை. மாமா வீட்டில் மாடிக்குப் போகும் படிக்கட்டை வெளிப்புறமாகக் கட்டியிருப்பதால் இரண்டரை அடிதான். எங்கள் வீட்டில் பின்னறைக்கு வெளியே நாலடி. அட்டவணையில் எங்கள் வீட்டை முதலில் போட்டேன். நம் வீட்டை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது.

வந்து துணி துவைத்தேன். அம்மாவுக்குக் குனிந்தால் தலை சுற்றுகிறதாம்.

ஜூன் 23, திங்கள்

டீச்சர் என் அட்டவணையை வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “கண்டுபிடிச்சா மட்டும் போதாது கோகிலவாணி. சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேள்வி கேக்கணும். அதுதான் குடிமகனோட வேலை” என்றார். அதனால் வெள்ளைத்தாளில் கோடு போட்டு, அட்டவணையை மறுபடி எழுதி, கீழே ‘ஐயா, விதி இருந்தும் எங்கள் வீதியில் யாருக்கும் ஐந்தடி இல்லாதது ஏன் என்று அறிய விரும்புகிறேன்’ என்று எழுதினேன். பள்ளி விட்டு வரும்போது மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுத்தேன். ஓர் எண் போட்டு ஒப்புகைச் சீட்டுத் தந்தார்கள். எனக்கென்று அரசாங்கத்தில் ஓர் எண். அதை அகராதிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நான் பள்ளியில் இருந்தபோது மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து வீதி முழுக்க அளந்தார்களாம். பதில் எழுதுவதற்கு முன்னால் நேரில் பார்க்க வந்திருக்கிறார்கள். எவ்வளவு பொறுப்பானவர்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார். வீட்டு பிளான் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

“அப்புரூவல் வாங்கித்தானுங்க கட்டுனதுன்னு சொல்லி பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தேன். போட்டோ புடிச்சுட்டுப் போனாங்க” என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

மாலையில் கடிதம் வந்தது. அப்பா கை கழுவாமலேயே வாங்கியதால் உறையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. என்னை வாசிக்கச் சொன்னார்.

அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாக எங்கள் பின்னறையின் பக்கச் சுவர் ஓரடி வெளியே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. முப்பது நாட்களுக்குள் வரைபடத்தில் உள்ளபடி மாற்ற வேண்டும். தவறினால் மாநகராட்சியே அகற்றும். விளக்கம் சொல்ல ஆகஸ்ட் நாலாம் தேதி நேரில் வரலாம்.

அப்பா மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை வாசிக்கும்போது ஒரு வரியைக் கொஞ்சம் வேகமாக வாசித்தேன்.

“நில்லு. என்னமோ மனுன்னியே?”

“பெறப்பட்ட மனுவின் பேரில்னு போட்டிருக்குதுங்கப்பா.”

“அப்ப எவனோ எழுதிப் போட்டிருக்கறான்.” அப்பா கடிதத்தை வாங்கி மடித்தார். “எவனோ என்ன. பக்கத்து வூட்டுக்காரன்தான். போன வருசம் தண்ணிக் கொழாய்க்கு அவன் பேசுன பேச்சு மறக்குமா?”

மருதாசலம் மாமா வீட்டுக்கும் கடிதம் வந்திருந்தது. படிக்கட்டை எடுக்க வேண்டும் என்று. அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அப்பா போய், மனுப் போடுகிறவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம் என்றார்.

“ஏன்டா ஆறுச்சாமி, எனக்கும் நோட்டீசு வந்திருக்குது. என்ற வூட்டை நானே காட்டிக் குடுப்பனாடா?”

“தன் மூக்கை அறுத்துக்கிட்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை பண்றவன் ஊருல இருக்கறான்ல.”

மாமா உள்ளே போனார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். மெதுவாகச் சாத்தியது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

வீட்டுப் பாடம்: கணக்கு, பயிற்சி 2.3. முடித்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

ஏழு வீடுகளில் இரண்டு வீட்டுக்கு மட்டும் ஏன் கடிதம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா இன்று பிளான் போட்டுக் கொடுத்த எஞ்சினியரைப் பார்த்துக் கேட்டு வந்திருக்கிறார். எங்கள் வரிசையில் அனுமதி வாங்கிக் கட்டியவர்கள் நாங்களும் மாமாவும்தான். மற்ற ஐந்து வீட்டுக்கும் பிளானே கிடையாது. பிளான் இருந்தால்தான் அதற்கு மாறாகக் கட்டியிருக்கிறது என்று சொல்ல முடியும். பிளானே இல்லாத வீடுகளுக்கு வேறு பிரிவு, வேறு கோப்பு. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

“கேக்காம கட்டுனவன் நிம்மதியாத் தூங்கறான். கேட்டுக் கட்டுன நாம முழிச்சுட்டுக் கெடக்கறோம்” என்றார் அப்பா.

புத்தகத்தில் தேடினேன். அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் அப்படி நடக்காது என்றும் எழுதியிருக்கவில்லை.

ஜூலை 19, சனி

அம்மாவிடம் கேட்டேன். அப்பா ஒரு நூல் பிசகினால்கூட வார்ப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுகிறவர். அரைக்கால் அங்குலத்தைத்தான் நூல் என்பார்கள். அப்படிப்பட்டவர் எப்படி ஓரடி பிசகினார்?

அம்மா பின்னறைக் கட்டிலில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் அம்மாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் நடந்தது. அப்போதுதான் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வயது ஒன்பது. நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன்.

“பிளான்ல இந்த ரூம்பு அகலம் ஒம்போது அடி. எஞ்சினியரு அப்படித்தான் போட்டிருந்தாரு” என்றார் அம்மா. “அஸ்திவாரத்துக்கு நூல் கட்டற அன்னிக்கு ரங்கன் கொத்தனாரு வந்து, ஆரு படுக்கற ரூம்புன்னு கேட்டாரு. சம்சாரம் படுக்கறதுன்னு உங்கப்பா சொன்னாரு. மனையடி சாஸ்திரத்துல ஒம்போதுக்குப் பலன் நல்லா இல்லீங்களேன்னாரு.”

“என்ன பலனுங்கம்மா?”

“ஆயுசு கொறைவு.”

அம்மா ஒரு பூச்சி அரித்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

“நானு அன்னிக்கு ஆஸ்பத்திரியில கெடக்கறேன். மனுசன் என்ன பண்ணுவாரு? பத்தடிக்குப் பலன் நல்லாருக்குதுன்னு கொத்தனாரு சொல்லியிருக்கறாரு. நூலை ஓரடி தள்ளிக் கட்டச் சொல்லிட்டாரு. என்ற ஆயுசுல உங்கப்பா ஓரடி சேத்துப் போட்டிருக்கறாரு கண்ணு.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மனையடி சாஸ்திரத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அறையின் அகலத்துக்கும் இதயத்தின் வால்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவுடன் நகரமைப்புப் பிரிவுக்குப் போனேன். விதி தெரிந்த ஆள் கூட இருக்கட்டும் என்று அவர்தான் கூப்பிட்டார்.

முதலில் எட்டாம் நம்பர் அறை. அங்கிருந்து பதினொன்று. பதினொன்றில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, இது எட்டில் பார்க்க வேண்டியது என்றார். மறுபடி எட்டு.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கட்டும்போது சிறிய வேறுபாடு வருவது இயல்பு என்பதால் நூற்றுக்கு ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துணை விதி இருக்கிறது. எட்டாம் அறை அலுவலரிடம் பக்க எண்ணோடு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“கரெக்ட்தான் பாப்பா. அஞ்சடிக்கு அஞ்சு சதவீதம் எவ்வளவு?”

“மூணு அங்குலமுங்க சார்.”

“உங்க வீட்டுல எவ்வளவு கொறையுது?”

“பன்னெண்டு.”

“நீயே சொல்லிட்டே.”

வெளியே வந்தோம். வெளிப்பூச்சைச் சுரண்டினால் அரை அங்குலம், மதிலின் உட்பூச்சைச் சுரண்டினால் இன்னோர் அரை என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா, “மீதி எட்டு அங்குலத்துக்கு?” என்று கேட்டார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் யோசித்தேன்.

ஜூலை 24, வியாழன்

பள்ளி முடிந்து வார்டு அலுவலகத்தில் ஒரு விவரம் கேட்கப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண் அலுவலர் என் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தார்.

“இந்த அளவெல்லாம் நீயா எடுத்த?”

“ஆமாங்க மேடம்.”

“எங்க ஆளுங்க எடுத்தாக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது. இப்ப என்ன வேணும்?”

சொன்னேன். 

“மனுவை வாபஸ் வாங்கிக்கலாம், கண்ணு. அதுக்கு ஒரு பாரம் இருக்குது. ஆனா ஆளுங்க போயி அளந்துட்டாங்க. அளந்ததை வாபஸ் வாங்க பாரம் இல்லையே.”

படிவத்தை வாங்கி வந்து நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

என் செயல்திட்டம் மாவட்ட அளவுக்குத் தேர்வாகியிருக்கிறது. அட்டவணையைப் பெரிதாக எழுதித் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கிறார்கள். முதல் வரியில் எங்கள் வீடு. டீச்சரிடம் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இவ்வளவு அடக்கம் ஆகாது” என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

எஞ்சினியர் இன்னொரு வழி சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் இடம் குறைகிறதோ, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால், விலக்குக் கேட்டு மேலே எழுதலாம். அந்தப் பக்கத்து வீடு மருதாசலம் மாமா வீடு.

“அவங்கிட்டப் போயி நிக்கறதுக்கு நானே கடப்பாரையை எடுத்து இடிச்சுப் போடுவேன்” என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா குளிக்கப் போனதும் நான் போனேன்.

மாமாவும் அவர் மனைவி தங்கமணி அத்தையும் வாசலில் படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஏற இறங்க வேறு வழி கிடையாது. அவர்களைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டதாம். நான் மாமாவிடம் முதலில் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

மாமா வெகுநேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“டேப்பு முனையை நாந்தான புடிச்சேன்” என்றார் கடைசியில்.

அத்தை சும்மா இருக்கவில்லை. “படிச்ச புள்ளை இருக்கற வீதின்னு ஒறம்பரை, சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன். இனி எவ புள்ளையாச்சும் ஸ்கேலு எடுத்துட்டு வந்தாக்கூட கதவைச் சாத்திப் போடுவேன்.”

“வுடு தங்கமணி. சின்னப் புள்ளை” என்றார் மாமா. பிறகு என்னிடம், “உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க மாமா.”

“எங்க வாயில இருந்து வராது. என்ன எழுதோணும், கொண்டா.”

நான் சொல்லச் சொல்ல எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். நான் எழுந்தபோது அத்தை, “மத்தியானத்துக்கு உங்கம்மா என்ன சாப்புட்டா?” என்று கேட்டார். கஞ்சி என்றேன். உள்ளே போய் ஒரு டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஜூலை 30, புதன்

மாமாவின் கடிதத்தை எஞ்சினியர் எடுத்துக்கொண்டு போனார். எட்டாம் அறையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விதிமீறல் அறிவிப்பு நிலுவையில் உள்ள இடத்தின் உரிமையாளர் கொடுக்கும் சம்மதம் ஏற்கப்படாது. இதுவும் புத்தகத்தில் இருக்கிறது, நூற்று நாற்பதாம் பக்கம், சிறிய எழுத்தில். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்தபோது அது யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதம் எப்படிக் கிடைத்தது என்று அப்பா கேட்கவில்லை. அம்மா வாங்கினார் என்று நினைத்திருப்பார்.

இப்போதெல்லாம் நான்தான் மாவு அரைக்கிறேன், தண்ணீர் பிடிக்கிறேன். அம்மா சமையலறைக்கு வருவதற்குள் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நிற்கிறார். கேட்டால், வெயில் என்கிறார். ஒரு வாரமாக மழை தூறிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி. இன்னும் பதினைந்து நாள் நீட்டித்துக்கொண்டேன். விலக்கு என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். மொத்தம் இருபத்தாறு இடம். கோயில்களுக்கு இருக்கிறது, பழமையான கட்டடங்களுக்கு இருக்கிறது, ரயில்வேக்கு இருக்கிறது. நோயாளி படுக்கும் அறைக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்கு உண்டு. அதற்குக் குறைந்தது இத்தனை படுக்கை என்று கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கட்டில்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று விசாரணை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பா மட்டும் போனார். எனக்கு இடைப்பருவத் தேர்வு.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னார். “ஓரடிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆபீசரு சொல்லிட்டாரு. வேணும்னு பண்ணுனது இல்லீங்க, சம்சாரத்துக்கு ஒடம்பு செரியில்லாம, இந்த மாதிரின்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா பேப்பருல எழுத முடியாதுங்கறாரு. ஆடி மாசத்துல வூட்டுல கை வெக்கச் சொல்றீங்களேன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் யோசிச்சாரு. அவரு வூட்டுலயும் ஆடி பாப்பாங்களாட்ட இருக்குது. ஆவணி பொறந்து எட்டு நாள் வரைக்கும் டைம் போட்டுக் குடுத்துட்டாரு.”

புத்தகத்தில் ஆடி மாதத்தைப் பற்றி எந்த விதியும் கிடையாது.

அப்பா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். துண்டில் கை துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மனுவை எடுத்துக் காட்டுனாரு. எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு சொன்னாரு.”

நான் சீருடையை மாற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

“ஆமாங்கன்னேன்” என்றார்.

பிறகு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் அப்பா மருதாசலம் மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. எனக்குப் பேருந்து வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்பா என்னைத் திட்டவில்லை. நேற்றும் திட்டவில்லை. பேனாவுக்கு மை தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் மேசை மேல் புதுப் பேனா இருந்தது.

திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்றைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி எக்கோ எடுக்க வேண்டும். “சும்மா பாக்கறதுக்குத்தான்” என்றார் அம்மா. அப்பா டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் வழி முழுக்க, மாநகராட்சிக்காரர்கள் போடும் சாலை ஒரு மழைக்குத் தாங்காது என்று பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மாவட்ட அளவில் எனக்கு இரண்டாம் பரிசு. சான்றிதழை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்துவிட்டது. மருதாசலம் மாமா வீட்டுப் படிக்கட்டை இன்று உடைத்தார்கள். மாடியில் குடியிருந்தவர்கள் போன வாரமே போய்விட்டார்கள். மாடி வாசல் மட்டும் மேலே தனியாக நிற்கிறது. கதவைத் திறந்தால் கீழே விழ வேண்டியதுதான். மாமா அதைப் பலகை வைத்து அடித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

ரங்கன் கொத்தனார் வந்தார். ஐந்து வருடத்துக்கு முன் அந்தச் சுவரைக் கட்டிய அதே ஆள். அம்மாவின் கட்டிலை முன்னறையில் போட்டோம். பின்னறைக்கு மேலே மாடி கிடையாது, சிமென்ட் ஷீட் கூரைதான். அதனால் சுவரை உள்ளே தள்ளுவது கஷ்டமில்லை என்றார்.

“அப்ப ஓரடி உள்ள வாங்கி நூல் கட்டிறலாமுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டடி” என்றார் அப்பா.

“அவங்க கேக்கறது ஓரடிதானுங்களே.”

“ஓரடி வாங்குனா ஒம்போது வந்துருமில்ல?”

கொத்தனார் தலையைச் சொறிந்தார். பிறகு, “அதுவுஞ் செரிதானுங்க” என்றார். “எட்டுக்குப் பலன் நல்லாத்தான் இருக்குது.”

முன்னறையிலிருந்து அம்மா கூப்பிட்டார். “ஏனுங்க, எட்டுல கட்டிலு, பீரோ, தையல் மிசினு எல்லாம் எப்படிங்க போடறது? நான் நடக்கோணும்ல?”

“மிசினு முன்னால இருக்கட்டும். பீரோவை நான் பாத்துக்கறேன்.”

“சர்க்காருக்கு ஓரடி, சாஸ்திரத்துக்கு ஓரடி. எனக்கு?” என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்பா கடப்பாரையைக் கையில் எடுத்தார். முதல் அடியை அவரே போட்டார்.

மனையடி சாஸ்திரத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஓரடி போதும், அறை கொஞ்சம் பெரிதாக இருந்தால் அம்மாவுக்குக் காற்று வரும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு விதியும் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் விதி சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. செங்கல்லைப் பொறுக்கி அடுக்கினேன். நூற்று எண்பத்திரண்டு முழுசு, மற்றதெல்லாம் உடைசல்.

ஆகஸ்ட் 23, சனி

சுவர் எழும்பிவிட்டது. இன்று பூச்சு. சன்னலைப் பழைய அளவில் வைக்க இடமில்லாமல் சின்னதாக்கியிருக்கிறார்கள். புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். அபராதம் போடாமல் விட்டார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கெடு இன்றோடு முடிவதால், ஞாயிறு என்றும் பார்க்காமல் காலையில் மாநகராட்சி ஆய்வாளர் வந்து வெளியே அளந்தார். ஐந்தடி வேண்டிய இடத்தில் ஆறடி இருந்தது. “ஓரடி வீணாக்கிட்டீங்களே” என்றார். அப்பா, “இருக்கட்டுங்க” என்றார். ஆய்வாளர் ஒரு தாளில் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆறடியில் இனி எதுவும் வைக்கக் கூடாது, ஒரு வாளிகூட.

அவர் போனபின் அப்பா என்னை உள்ளே கூப்பிட்டார். மனையடிக்கு உள்ளளவுதான் கணக்கு. சுவருக்குச் சுவர். டேப்பின் கொக்கியைப் பழைய சுவரில் அவர் பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் புதுச் சுவருக்கு நான் இழுத்துக்கொண்டு போனேன். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. விரல் பட்ட இடத்தில் தடம் விழுந்தது. அம்மா நிலையைப் பிடித்தபடி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொத்தனார் கட்டியது சரியாகத்தான் இருந்திருக்கும். பூச்சை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஏழடி பதினோரு அங்குலம், அதற்கு மேல் இரண்டு நூல். டேப்பை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் பார்த்தேன். மூன்று இடத்திலும் அதேதான். ஏழுக்கு என்ன பலன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

“எத்தனை கண்ணு?” என்றார் அப்பா.

அவர் இருந்த இடத்திலிருந்து குனிந்தால் டேப்பு தெரியும். அவர் குனியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டுங்கப்பா” என்றேன்.

“செரியா இருக்குதா?”

“செரியா இருக்குதுங்க.”

அப்பா கொக்கியை விட்டார். டேப்பு ஓடி வந்து என் கைக்குள் சுருண்டது. “கட்டிலைத் தூக்கலாம், ஒரு பக்கம் புடி” என்றார்.